இத்தனூண்டு வசம்பு

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஒருநாள் சமையல்காரன், "கொஞ்சூண்டு உப்புதான் போட்டேன்" என்று வைத்த குழம்பு வாயில் வைக்க முடியாமல் கரித்தது. அவ்வளவுதான், ராஜா சட்டம் போட்டுவிட்டான். கொஞ்சூண்டு, துளியூண்டு, இத்தனூண்டு என்று இனி யாரும் சொல்லக்கூடாது. எதற்கும் சரியான அளவு சொல்ல வேண்டும். மீறினால் ஓராண்டு சிறை.

மாட்டிக்கொண்டவள் சிலம்பாயி. தாயில்லாத இளவரசனுக்குப் பாலூட்டுகிறவள். வீட்டில் அவளுக்கும் மூன்று மாதப் பிள்ளை. வயிறு உப்பி அழுத இளவரசனுக்குச் சுட்ட வசம்பை உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினாள். அவன் தூங்கிப்போனான். மூன்று நாளாக அதே வயிற்றோடு போராடித் தோற்ற அரண்மனை வைத்தியர் திருமேனியாருக்கு இது பொறுக்குமா? அவளைச் சபைக்கு வரவழைத்துவிட்டார்.

"எவ்வளவு வசம்பு தடவினாய்?"

"இத்தனூண்டுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"கேட்டீர்களா மகாராஜா? எத்தனை குன்றிமணி எடை என்றே தெரியாமல் பூசியிருக்கிறாள்."

"ஓராண்டு" என்றான் ராஜா.

சிலம்பாயிக்கு வீட்டில் விட்டு வந்த பிள்ளையின் நினைப்பு வந்தது. ஓராண்டில் தன் பிள்ளை நடக்கத் தொடங்கிவிடும். அதுவரை பாலுக்கு என்ன செய்யும்? காவலர்கள் நெருங்கினார்கள். அவள் தோளில் இளவரசன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"போகிறேன் மகாராஜா. இந்தாருங்கள், உங்கள் பிள்ளை."

ராஜா பிள்ளையைத் தூக்கிப் பழகாதவன். இறுக்கிப் பிடித்தான், குழந்தை வீரிட்டது. தளர்த்தினான், வழுக்கிக்கொண்டு இறங்கியது. சிலம்பாயி சட்டென்று அடியில் கை கொடுத்தாள்.

"எவ்வளவு இறுக்கணும்? சொல்லித் தொலையேன்."

"எனக்குக் குன்றிமணிக் கணக்கு தெரியாதுங்க. வைத்தியரைக் கேளுங்கள்."

ராஜா திரும்பினான். "ஐயா, சீக்கிரம்."

வைத்தியர் இழுத்தார். "அது வந்து மகாராஜா... கொஞ்சூண்டு..."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ராஜா அவரையும், கையில் அலறும் மகனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உங்களுக்கும் ஓராண்டு என்றால், அடுத்து இதே சொல்லைச் சொல்லி நான்தான் உள்ளே போக வேண்டும்" என்றான். சட்ட ஓலை அடுப்புக்குப் போனது. சிலம்பாயியின் பிள்ளைக்கு அரண்மனையிலேயே ஒரு தொட்டில் கட்டினார்கள்.

அன்றிலிருந்து வசம்பு உரைக்கும் வேலை திருமேனியாருக்கு. தலை குனிந்து உரைப்பார். "போதுமா அம்மா?" என்பார்.

சிலம்பாயி எட்டிப் பார்த்து, சுண்டுவிரல் நகத்தைக் காட்டுவாள். "இன்னும் இத்தனூண்டு, ஐயா."