உடைந்த கொக்கி

“கம்பெனிக்காரன் போட்ட பிரேக்கை நாமளே மாத்தக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லுச்சுங், அம்மிணி?”

வண்டியை நிறுத்தின கையோடு நாச்சிமுத்து கேட்டார்.

கேட்டது தேன்மொழியிடம். கொல்லிமலை அடிவாரத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் அவள்தான் குரு, அவர்தான் சிஷ்யர். மலைப்பாதையில் வளைவு திரும்ப அவளிடம்தான் கற்றுக்கொண்டார். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதில் அவருக்குத் துளி வெட்கமும் கிடையாது.

“எந்தச் சாமியும் சொல்லலீங்ணா. என்ன மாத்துனீங்க?”

“குனிஞ்சு பாருங்.”

குனிந்து பார்த்தாள். அடேயப்பா!

முன்சக்கரத்தில் பழையதைவிடப் பெரிய பிரேக் டிஸ்க். அதைக் கவ்விப் பிடிக்கிற காலிபரைத் தாங்க, அலுமினியத்தில் ஒரு பிராக்கெட். கடையில் வாங்கினது இல்லை, அவரே பட்டறையில் செதுக்கி எடுத்தது. தேன்மொழி அதன் ஓரத்தில் விரலை ஓட்டினாள். எங்கேயும் ஒரு பிசிறு தட்டுப்படவில்லை.

“கம்பெனி வேலை தோத்துது போங்க. இப்படி ஒரு கை யாருக்கு வரும்!”

முகத்துக்காகச் சொன்ன பேச்சில்லை அது. ராசிபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார் நாச்சிமுத்து. கிணறு வெட்டுகிறவர்கள் தொட்டியில் உட்கார்ந்து உள்ளே இறங்குவார்களே, அந்தக் கிரேன் கயிற்றுக்குக் கொக்கி செய்வது அவர்தான். அவர் கொக்கியை நம்பி இறங்கினவன் எவனும் மேலே வராமல் போனதில்லை. சும்மாவா!

“மலையிறங்கறப்ப கம்பெனி பிரேக் சூடாகிப் பிடி விட்டுருதுங். ஒத்தையில போறப்ப சமாளிச்சுக்கலாம். இன்னிக்கு இவளும் வாராளே.”

சாரதாமணி, அவர் வீட்டம்மா. மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயிலில் ஒரு வேண்டுதல். புருஷன் பின்னால் உட்கார்ந்து மலையேறுவது இதுதான் முதல் தடவை. புது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பூக்கூடையை மடியில் வைத்தபடி, ஸ்டாண்டு போட்ட வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இவளை ஏத்திட்டுப் போகோணும்னுதான் இத்தனை பாடு. வர்ற வழியில பிடிச்சுப் பாத்தேன், தொட்டா நிக்குதுங்! நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டீங்கன்னா கெளம்பிருவோம்.”

தேன்மொழி நிமிர்ந்தாள். தன் ஆபீஸ் அறைக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் பாதிக் கொக்கி ஒன்று இருந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். “அட, இது நம்ம பட்டறைச் சரக்கு! அன்னிக்குப் பட்டறைக்கு வந்தப்ப எடுத்துட்டு வந்தீங்களே, இன்னுமா வெச்சிருக்கீங்க?”

“மேசையில காகிதம் பறக்காம இருக்கத்தானுங்ணா. இதை ஏன் உடைச்சீங்க? கெட்ட கொக்கியா?”

“கெட்டதா! என் பட்டறையிலயா?” அவருக்குச் சுருக்கென்று வந்தது. “நல்ல கொக்கிதானுங். ஒரு லாட்டா மொத்தமாச் செஞ்சா அதுல ஒண்ணை மெசின்ல மாட்டி, உடையற வரைக்கும் இழுத்துப் பாப்பேன். எங்க அப்பன் காலத்துல இருந்து அப்படித்தான்.”

“பாக்கறதுக்கு நல்லாத்தானே இருக்கு. அப்படியே குடுத்தா ஆகாதா?”

“என்ன பேச்சுங் இது! பாக்கறதுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். எவ்வளவு தாங்கும்னு தெரியாம ஒரு மனுசனை அதுல தொங்க விடுவனா? அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதில்லீங்களா?”

தேன்மொழிக்கு அந்த மனுஷன்மேல் மரியாதை இன்னும் கூடித்தான் போயிற்று. அதனாலேயே அடுத்ததைக் கேட்க அவளுக்குத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“இந்த பிராக்கெட் எத்தனை செஞ்சீங்ணா?”

“ஒண்ணே ஒண்ணுதானுங்.”

“அதுல எதை உடைச்சுப் பாத்தீங்க?”



நாச்சிமுத்து கையிலிருந்த பாதிக் கொக்கியைப் பார்த்தார். முன்சக்கரத்தில் வெயில் பட்டு மின்னிய பிராக்கெட்டைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். பாதை வளைந்து வளைந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

“நேரமாச்சுங்களே, போலாமா?” என்றாள் சாரதாமணி, பூக்கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

நாச்சிமுத்து வண்டிச் சாவியை உருவித் தேன்மொழி கையில் கொடுத்தார்.

“எறங்கு சாரதா,” என்றார். “பஸ்ல போலாம்.”