சுருதி சேர்த்த நீச்சல்குளம்

பல்கலைக்கழகத்தில், நீர்க் கிண்ணங்களைத் தட்டி வாசிக்கும் ஜலதரங்கம் பயின்ற குமுதவல்லிக்கு நீச்சல் தெரியாது.

"பல கலையும் கற்றால்தான் இசைப் பட்டம். நீச்சல்குளத்தைக் கடந்து காட்டு, அம்மா" என்றார், தம் செவிஞானத்தில் கர்வமுள்ள முதல்வர் சிங்காரவேலர்.

அவள் கைகூப்பினாள். "சுருதி சேராத நீரைத் தொடுவது எங்கள் வாத்தியத்துக்கு அபசாரம், ஐயா. குளத்தின் சுருதி தங்கள் செவிக்கே புலப்படும்."

புலப்படவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் ஒப்பவில்லை. குளக்கரையைக் குச்சியால் தட்டிக் கண்மூடினார். "இம்மி குறைகிறது."

"சுருதி ஏற, நீரைக் குறைக்க வேண்டும், ஐயா."

பணியாளர் இறைத்தனர். அவர் தட்டினார். "இன்னும் சற்று."

மாலையில் "சேர்ந்துவிட்டது" என்று முதல்வர் மனமுருகியபோது, நீர் கணுக்காலளவே நின்றது. குமுதவல்லி இறைவனைத் தொழுது அக்கரைக்கு நடந்தாள்.

"நீந்தவில்லையே?"

"நீந்தினால் நீர் சிதறும். தாங்கள் சேர்த்த சுருதியைக் கலைக்கலாமா, ஐயா?"

முதல்வர் பட்டச் சான்றிதழில் கையெழுத்திட்டார்.