பதினோரு வளைவும் ஒரு லேப்டாப்பும்

அரைக்காம்பட்டிக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருப்பதை அவர்கள் செலவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்த் திரவியத்துக்கு ஒரு பழைய காரும் பொன்ராணி என்றொரு மனைவியும் இருந்தார்கள். மலைமேல் இருக்கும் அவளுடைய தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அடிவாரத்திலேயே இறங்கி, பதினோரு கொண்டை ஊசி வளைவும் காரைத் தள்ளியவள் அவள்தான். போன தீபாவளிக்குப் பட்டுச்சேலையோடு தள்ளினாள். மேலே போனவள் திரும்பி வரவில்லை. "ஒருத்தரும் தள்ளாம அந்த வண்டி என்னைக்கு எங்க வீட்டு வாசலுக்கு வருதோ, அன்னைக்குத்தான் அதுல ஏறுவேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து திரவியத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் படும் பாட்டைப் பார்த்த கூட்டாளி ஏகாம்பரம் ஒரு சேதி கொண்டுவந்தான். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யக் காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதாம். லேப்டாப்பைச் சொருகி அதை நாமே திருத்தினால் வண்டி பறக்குமாம். அதற்கு டியூனிங் என்று பேராம். புதிதாகக் கற்பவர்களுக்கென்று நாலு விதிகள் அச்சடித்த தாளும் அவனிடம் இருந்தது. இன்னொரு கூட்டாளி சங்கிலி லேப்டாப்பை இரவல் வாங்கி வந்தான். கேபிளைச் சொருகியதும் திரை முழுக்க எண்களாக வந்து நின்றன.

ஏகாம்பரம் முதல் விதியைப் படித்தான்: "உங்களுக்குப் புரியாத எதையும் தொடாதீர்கள்."

மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"ஒனக்கு எது புரியுது சங்கிலி?"

"ஒண்ணும் புரியலண்ணே."

"எனக்கும்தான். திரவியம், ஒனக்கு?"

"அந்தா இருக்கிற ஏழு, ஏழுன்னு தெரியுது. ஏன் ஏழுன்னுதான் தெரியல."

"அப்பத் தொடாத."

ஒரு மணி நேரம் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். டியூனிங் இவ்வளவு சுலபமா என்று திரவியத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் விதி: "வண்டி ஓடும்போது நடப்பதையெல்லாம் பதிவு செய்யுங்கள்." சங்கிலி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினான். வழியெல்லாம் எழுதினான். மூன்றாம் வளைவில் கார் புகையைக் கக்கிவிட்டு நின்றது. அதையும் எழுதினான்.

மூன்றாம் விதி: "பதிவை அந்த வண்டியை நன்றாக அறிந்தவரிடம் காட்டுங்கள்."

"தள்ளினவளைவிட யாருக்குத் தெரியும்?" என்று திரவியம் அங்கிருந்தே பொன்ராணிக்குப் போன் போட்டான். சங்கிலி ஒரு எழுத்து விடாமல் வாசித்தான். "ஆடு குறுக்கே வந்தது. ஏகாம்பரம் அண்ணன் தும்மினார். மறுபடியும் தும்மினார். மலை தொடங்கியது. திரவியம் அண்ணன் எப்போதும்போல ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினார்."

பொன்ராணி குறுக்கிட்டாள்.

"எதை இழுத்தாரு?"

"சரிவுன்னா ஹேண்ட்பிரேக் போடணும்னு டிரைவிங் மாஸ்டர் சொல்லிருக்காரு புள்ள" என்றான் திரவியம். "மலை முழுக்கச் சரிவுதான?"

எட்டு வருஷமாகப் பின்னால் நின்றே தள்ளியவளுக்கு முன்னால் நடப்பது எப்படித் தெரியும்? "அதை எறக்கிவிடுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

இறக்கினார்கள். கார் சிட்டாகப் பறந்தது. பதினோராம் வளைவு தாண்டியதும் வாசலில் பொன்ராணி பையோடு நிற்பது தெரிந்தது. அதைப் பார்த்ததும் திரவியம் சந்தோஷத்தில் ஹார்னை அடித்தான். இன்னும் நூறடிதான்.

"நிறுத்து!" என்று கத்தினான் ஏகாம்பரம். "நாலாம் விதி இருக்கு. 'எதிர்பாராதது எது நடந்தாலும் உடனே பழைய நிலைக்கே திரும்புங்கள்.' வண்டி ஏறும்னு நீ எதிர்பாத்தியா?"

திரவியத்துக்குப் பொய் சொல்ல வராது. "சத்தியமா இல்ல."

கனத்த மனதோடு காரைத் திருப்பி மூன்றாம் வளைவுக்கே இறங்கினார்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டார்கள். மூவரும் பின்னால் போய் நின்று முக்கி முக்கித் தள்ளினார்கள்.

அப்போது குறுக்குப் பாதையில் பொன்ராணி தடதடவென்று இறங்கி வந்தாள். சங்கிலி நோட்டை எடுத்தான். "மதினி வருகிறார். கையில் பை இல்லை. விளக்குமாறு இருக்கிறது."

எட்டிப் பார்த்த திரவியத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடா, வீடு எட்டு மாசமாக் குப்பையாக் கெடக்குமேன்னு இப்பவே தயாரா வாரா!"