மை படாத சட்டை

ரைஸ்மில் முதலாளி ஆவுடையப்பனுக்கு மைப்பேனா என்றால் உயிர். சேர்த்து வைத்திருந்த பேனாக்களில் இரண்டையாவது வெள்ளைச் சட்டைப் பையில் குத்தாமல் வெளியே கிளம்பமாட்டார். மை ஒழுகிப் பையெல்லாம் நீலமாகிவிடும். திட்டு மட்டும் வீட்டு வேலையோடு துணியும் துவைக்கிற மாடத்திக்கு.

மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முந்தின நாள், மைக்கறை பட்ட சட்டை ஒன்றை நீட்டிக் கத்தினார்: “ஏட்டி, நாளைக்கு இந்தச் சட்டையைத்தான் போடுவேன். பொட்டுக் கறை தெரிஞ்சாலும் உனக்கு இங்கே வேலை கிடையாது!”

மாடத்தி கை வலிக்கத் தேய்த்தாள். கறை போகவில்லை. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கடைசியில் கருநீலச் சாயம் வாங்கி வந்து சட்டையையே முக்கி எடுத்துவிட்டாள்.

மறுநாள் முதலாளி அலறினார். “என்னட்டி செஞ்சு வச்சிருக்க?”

“கறை எங்கன்னு காட்டுங்க மொதலாளி, இப்பமே போயிருதேன்.”

புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காணோம். வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு, வந்தவர்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வந்தார். மாப்பிள்ளையின் அப்பா, “சட்டை ரொம்ப எடுப்பா இருக்கே” என்றார்.

முதலாளிக்கு முகம் மலர்ந்தது. “ஏட்டி, மத்த சட்டையையும் இப்படியே முக்கிரு!”

காப்பி கொண்டுவந்த மாடத்தி மெதுவாகச் சொன்னாள்: “அதுக்குப் பதிலா பேனா மூடியை இறுக்கித் திருகிரலாமே மொதலாளி.”

கூடமே சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். அப்போதுதான் மாடத்திக்கு மூச்சு வந்தது.