கரடி மாப்பிள்ளையின் சேற்றுக்கால்

ஒரு காட்டில், பனிமலை ஒன்றின் அடிவாரத்தில், சடையன் என்றொரு கரடி இருந்தது. தூக்கம் என்றால் அதற்கு உயிர். மற்றக் கரடிகள் குளிர்காலம் முடிகிறவரை தூங்கும். சடையனோ குளிர்காலம் முடிந்த பிறகும், போனால் போகிறது என்று இன்னும் கொஞ்சம் தூங்கும்.

அப்படித் தூங்கித் தூங்கி, தன் கல்யாணத்தன்றுதான் கண்ணைத் திறந்தது!

ஆமாம் பிள்ளைகளே, கல்யாணம்தான். மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் தேனம்மை என்ற பெண் கரடி இருந்தது. அதைத்தான் சடையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். தேனம்மையின் அப்பா பேச்சில் படு கறார்.

"காட்டுப்பூவரசு முதல் பூ பூக்கிற அன்று கல்யாணம். பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை தேனடையோடு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் எங்கள் காட்டிலேயே வேறு மாப்பிள்ளை இருக்கிறது" என்று முன்பே சொல்லியனுப்பியிருந்தது.

குகையை விட்டு வெளியே வந்த சடையன் எதிரே பார்த்தது. காட்டுப்பூவரசு மரத்தில் சிவப்பாக ஒரு பூ! சடையன் தலையில் அடித்துக்கொண்டது.

"ஐயையோ, மோசம் போனேனே! தேனம்மை வழியைப் பார்த்துக்கொண்டு நிற்குமே!"

அரக்கப் பரக்க ஓடையில் முங்கிக் குளித்தது. ரோமத்தைக் கோதிக்கொண்டது. பத்திரமாக வைத்திருந்த தேனடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பியது. ஆனால் எந்த வழியாகப் போவது? மலையில் பாதி இடம் இன்னும் பனியாகத்தானே கிடக்கிறது!

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. பனி உருகத் தொடங்கும் காலத்தில், எதிரே யார் வந்தாலும் "சௌக்கியமா?" என்று கேட்கமாட்டார்கள். "கால் காட்டு" என்பார்கள். வருகிறவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அதில் பனி ஒட்டியிருக்கிறதா, சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். அவர் வந்த வழி எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கொம்பாயி என்ற மலையாடு எதிரே வந்தது. கேட்பதற்கு முன்பே காலைத் தூக்கியது. முழங்கால் வரை கொழகொழவென்று சேறு!

"தள்ளி நில்லு, தள்ளி நில்லு! இப்போதுதான் குளித்துவிட்டு வருகிறேன்" என்று சடையன் பின்னால் குதித்தது.

"அடேயப்பா! எங்கே அண்ணே இத்தனை மினுக்கோடு?"

"எனக்குக் கல்யாணம், கொம்பாயி. பொழுது சாய்வதற்குள் மலையைத் தாண்டியாக வேண்டும்."

"அப்படியானால் தெற்குச் சரிவைச் சுற்றிப் போங்க அண்ணே. வெயில் விழுகிற பக்கம். பனி எல்லாம் உருகி ஓடிவிட்டது. கொஞ்சம் சுற்றுதான், நிறையச் சேறுதான். ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம்."

"நன்றாயிருக்கிறது! சேற்றில் புரண்டுபோய் மணவறையில் உட்காரவா? கரடி மாப்பிள்ளையைக் கேட்டோம், எருமை மாப்பிள்ளை வந்திருக்கிறதே என்று சிரிக்கமாட்டார்களா?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்டங்காக்கை ஒன்று கிளையிலிருந்து இறங்கி வந்தது. எந்தச் சேதியானாலும் தானே முதலில் சொல்ல வேண்டும் அதற்கு.

"சேறு எதற்கு அண்ணே? வடக்குப் பள்ளம் இருக்கிறதே! மூக்குக்கு நேரே போனால் பெண் வீடு. நான் இப்போதுதான் அந்த வழியாக வந்தேன். ஒரு தடங்கல் கிடையாது!"

பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது சடையனுக்கு.

"அண்ணே, எதற்கும் காக்கையின் காலைப் பார்த்துவிட்டு..." என்று இழுத்தது கொம்பாயி.

"காலும் வேண்டாம், கையும் வேண்டாம். அதுதான் வந்தேன் என்கிறதே! பளபளவென்று எப்படி வந்து நிற்கிறது பார்!"

"உங்க இஷ்டம்" என்று கொம்பாயி மேலே மேயப் போய்விட்டது.

வடக்குப் பள்ளத்தில் வெயிலே விழாது. பனி அப்படியே கிடந்தது. முதலில் இறுகிப்போய்த் தரைபோல் இருந்ததா, சடையன் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தது. நடுப்பள்ளத்தில் காலை வைத்ததோ இல்லையோ, பொதுக்! முழங்கால் வரை உள்ளே போயிற்று. உதறி அடுத்த காலை வைத்தது. பொதுக்! இடுப்பு வரை போயிற்று. உதைத்துப் பார்த்தது. கழுத்து வரை போயிற்று! தலையும் தேனடையைப் பிடித்த கையும் மட்டும் மேலே நின்றன.

தலைக்கு மேலே காக்கை வட்டமிட்டது.

"என்ன அண்ணே நின்றுவிட்டீங்க? நேரமாகிறதே!"

"நிற்கவில்லையடா, புதைந்து கிடக்கிறேன்! வழியில் தடங்கலே இல்லை என்றாயே!"

"இல்லைதானே? ஒரு மேகம்கூட இல்லை!"

"காலைக் காட்டு!" என்று சடையன் உறுமியது.

காக்கை காலை நீட்டியது. பனியும் இல்லை, சேறும் இல்லை. சுள்ளிபோல் காய்ந்திருந்தது.

"இந்த வழியில் ஓர் அடியாவது நடந்தாயா?"

"நடப்பதா? இறக்கை இருக்கிற எனக்கு நடை எதற்கு?"

சடையனுக்கு அழுகையே வந்துவிட்டது. காக்கையைத் திட்டி என்ன செய்வது? கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதது தான்தானே! "தேனம்மா, உன்னை இழந்துவிடுவேன் போலிருக்கிறதே" என்று வாய்விட்டு அழுதது.

அழுகைச் சத்தம் கேட்டுக் கொம்பாயி மலைமுகட்டிலிருந்து எட்டிப் பார்த்தது.

"அண்ணே, உதைக்காதீங்க! உதைத்தால் இன்னும் கீழேதான் போவீங்க. மெல்லப் படுங்க, படுத்து உருளுங்க!"

சடையன் தேனடையை வாயில் கவ்வியது. மெல்ல மெல்ல உடம்பை மேலே இழுத்துப் படுத்தது. உருண்டது. கடகடவென்று பள்ளத்தின் வாசல்வரை உருண்டே வந்து சேர்ந்தது. கரடி வாயில் தேனடை, அதையும் கடிக்காமல்! இதைவிடப் பெரிய தவம் உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்?

அப்புறம் தெற்குச் சரிவில் ஒரே ஓட்டம். முகட்டிலிருந்து இறங்கி வந்த கொம்பாயி முன்னே ஓட, சடையன் பின்னே ஓடியது. சேறு தெறித்தது, வழுக்கியது, அப்பியது. சடையன் அதைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது சூரியன் மலை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மணவறை அருகே உள்ளூர்க் கரடி ஒன்று சீவிச் சிங்காரித்துத் தயாராக நின்றது. காதில் பனியும் இடுப்புவரை சேறுமாக வந்த சடையனைப் பார்த்து எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"இதுதான் மாப்பிள்ளையா? என் காலைப் பாருங்கள், ஒரு பொட்டு அழுக்கு உண்டா?" என்றது உள்ளூர்க் கரடி.

தேனம்மை சிரிக்கவில்லை. முன்னால் வந்தது.

"கால் காட்டுங்க" என்றது சடையனிடம்.

சடையன் கூச்சத்தோடு காலைத் தூக்கியது. தேனம்மை குனிந்து பார்த்தது.

"அப்பா, உள்ளே பனி உறைந்திருக்கிறது. மேலே சேறு அப்பியிருக்கிறது. ஒரு வழியில் மாட்டிக்கொண்டும் திரும்பிப் போகாமல், இன்னொரு வழியில் நடந்து வந்திருக்கிறார்." பிறகு உள்ளூர்க் கரடியிடம் திரும்பியது. "நீங்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள்?"

"நானா? அதோ, அடுத்த குகைதான்."

தேனம்மையின் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்ன வேடிக்கை பார்க்கிறீர்கள்? கொட்டுங்கள் மேளத்தை!" என்றது. மரங்கொத்திகள் மேளம் கொட்டின. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தியில் முதல் இலை கொம்பாயிக்கு!

அப்போது உச்சிக்கிளையில் வந்து உட்கார்ந்தது அண்டங்காக்கை.

"எல்லாரும் கேளுங்கள்! மாப்பிள்ளைக்கு வழி சொன்னதே நான்தான்!"

பந்தியில் இருந்த அத்தனை பேரும் தலையை நிமிர்த்தி ஒரே குரலில் கத்தினார்கள்: "கால் காட்டு!"

காக்கை இரண்டு கால்களையும் இறகுக்குள் இழுத்துக்கொண்டு பறந்தே போய்விட்டது.

நீதி: பறந்தவரிடம் வழி கேட்காதே, நடந்தவரிடம் கேள்.