முத்திருளன் அவிழ்த்த சாரம்

மண்டபத்து வேலை முடிந்த புதன்கிழமை காலையில் அந்தச் சந்தில் இருந்தவர்கள்: சாரம் கட்டும் முத்திருளன், அவன் ஆட்கள் கொம்பையன், சோணை, ஆண்டியப்பன், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கொத்தனார். ஆக ஐந்து பேர். வண்டி மாடு இரண்டையும் சேர்க்கவில்லை.

சாரம் மண்டப வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சவுக்குக் கம்பு நாற்பத்தெட்டு, தென்னங்கயிற்றுக் கட்டு தொண்ணூற்றாறு. பூனை நுழையலாம், மாலை போட்ட ஆள் நுழைய முடியாது. வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில் முத்திருளனுக்குக் கல்யாணம். பெண் எதிர் வீட்டு ராக்காயி. அதனால் சாரம் இறங்கினால்தான் தாலி ஏறும்.

கொத்தனார் வண்டியில் ஏறிக்கொண்டே இரண்டு விஷயம் சொன்னார். "மேல்கட்டுலேருந்துதான் அவுக்கணும். சாரத்துல ஆள் இருக்கும்போது ஒரு கட்டையும் தொடக் கூடாது."

வண்டி போனதும் முத்திருளன் உச்சிக்கு ஏறி முதல் கட்டில் கை வைத்தான்.

"அண்ணே, தொடாதீங்க! சாரத்துல ஆள் இருக்கு!" என்று கீழேயிருந்து சோணை கத்தினான்.

"யாருடா?"

"நீங்கதாண்ணே."

முத்திருளன் தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான். உண்மைதான். நல்ல வேளை என்று இறங்கி வந்தான்.

நான்கு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். ஏறாமல் மேல்கட்டு எட்டாது. ஏறினால் ஆள் ஆகிவிடும்.

"பக்கத்துல இன்னொரு சாரம் கட்டுவோம்ணே. அதுல நின்னுக்கிட்டு இதை அவுக்கலாம்" என்றான் ஆண்டியப்பன்.

"அப்ப அதுல ஆள் இருக்குமே?" என்றான் சோணை.

"இருக்கட்டுமே. அதை யாருடா இப்ப அவுக்கிறா?"

முத்திருளனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மூளையை இத்தனை நாள் கம்பு தூக்க வைத்தோமே!

அடுத்த வேலைக்கென்று வைத்திருந்த கம்பும் நாற்பத்தெட்டு. வேலை மளமளவென்று நடந்தது. நடுவில் ஒரே ஒரு தடங்கல். "பிடிச்ச கயித்தை விடாதே" என்று கொம்பையனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் மத்தியானம் கயிற்றோடு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டான். மறுமுனை ஆண்டியப்பன் இடுப்பில் இருந்தது. அதனால் அவனுக்கும் அங்கேயே சாப்பாடு.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் பழைய சாரம் முழுக்க இறங்கியது. மண்டப வாசல் பளிச்சென்று தெரிந்தது. முத்திருளன் புது வேட்டி கட்டி மணையில் போய் உட்கார்ந்தான். பெண் வரவில்லை. சந்தில் இரண்டு சாரத்துக்குத்தான் அகலம். புதுச் சாரம் ராக்காயி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"பின்வாசல் வழியா வரட்டுமே மாமா!" என்று முத்திருளன் கூவினான்.

"என் பொண்ணு கொல்லை வழியாவா கல்யாணத்துக்குப் போகும்?" என்று உள்ளேயிருந்து சீறினார் அவள் அப்பா மாயழகு. "வாசலைத் திற மாப்ளே!"

திறப்பதற்காக மண்டபத்துப் பக்கம் ஒரு சாரம் கட்டி, அதில் நின்று இதை அவிழ்த்தார்கள். அடுத்த முகூர்த்தத்தில் பெண் வெளியே வந்தாள். மாப்பிள்ளையால் மண்டபத்துக்குள் போக முடியவில்லை.

"அப்பா, நான் முதல் நாளே வெளியே வந்து நின்னுக்கிறேனே" என்றாள் ராக்காயி.

"முகூர்த்த நாளுக்கு முன்னாடி பொண்ணு வாசல் தாண்டக் கூடாது" என்றார் மாயழகு. அவரும் அதே ஊர்தானே.

பஞ்சாங்கத்தில் அந்த வெள்ளிக்கிழமையையும் சேர்த்து அந்த வருஷத்துக்கு ஒன்பது முகூர்த்தம் இருந்தது. சாரம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறி நின்றதில் எட்டு போனது.

எட்டாவதும் போன அன்று ராக்காயி ஜன்னலுக்கு வந்தாள். "மச்சான், அடுத்ததும் தப்பினா எங்க அத்தை மகனைக் கட்டிக்குவேன். அவரு கிணறு வெட்டுறவரு. கீழேயே போறவரு. சாரமே வேண்டாம்."

முத்திருளன் சாரத்தடியில் போய் உட்கார்ந்தான். அன்று முழுக்கச் சோறு தண்ணி இல்லாமல் யோசித்தான். சாயங்காலம் முகம் தெளிந்து ஆட்களைக் கூப்பிட்டான்.

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சிட்டேன்டா. அவுக்கிறதாலதானே இத்தனை தொல்லை? ரெண்டு வாசல்லயும் ஒவ்வொண்ணு கட்டிருவோம். அப்புறம் எதையும் அவுக்கவே வேண்டாம். கொத்தனார் சொல்லையும் மீறின மாதிரி இருக்காது."

மூன்று பேரும் அவனைக் கும்பிட்டார்கள். மறுநாளே கட்டி முடித்தார்கள், இந்தத் தடவை இரட்டைக் கட்டாக.

கம்பு தொண்ணூற்றாறும் தீர்ந்தது. மீதி, முகூர்த்தம் ஒன்று.