கண் திறந்த கல்

மருதங்காட்டு ஏரியில் ஒரு நாமக்கோழி கவிதைப் பள்ளி நடத்தி வந்தார். உடம்பெல்லாம் கறுப்பு. நெற்றியில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. அதனால் பிள்ளைகள் அவரை நாமத்து வாத்தியார் என்று அழைத்தன.

ஏரியில் கோரைகள் பின்னிப் பிணைந்து ஒரு திட்டாக மிதந்தன. அதுதான் வகுப்பறை. கரையிலிருந்து அங்கே போக, சாய்ந்து கிடந்த ஒரு மருத மரம்தான் பாலம். பிள்ளைகள் தாமரை இலையில் அலகாலும் நகத்தாலும் கீறிக் கவிதை எழுதும். வாத்தியார் அதை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் பொருள் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கவிதைக்கு ஏற்ற படம் வரைய வேண்டும்.

வாத்தியார் கெட்டிக்காரர். ஆனால் எந்தச் சொல்லையும் அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள அவருக்குப் பிடிக்காது.

"மீன் என்று எழுதினால் மீன் என்று நினைக்காதே! உள்ளே போ! இன்னும் உள்ளே போ!" என்பார்.

அந்த வகுப்பில் குமிழி என்றொரு முக்குளிப்பான் குஞ்சு படித்தது. கரையில் அதனால் இரண்டு அடிகூட ஒழுங்காக நடக்க முடியாது. தண்ணீரில் முங்கினாலோ ஏரியின் அடியைத் தொட்டுவிட்டுத்தான் மேலே வரும்.

ஒரு நாள் காலை குமிழி திட்டுக்கு அடியில் முங்கியது. சேற்றில் நீளமாக ஒரு கல் கிடந்தது. முந்தின நாள் அங்கே கல் எதுவும் இல்லை. குமிழி அதன்மேல் காலை ஊன்றியது.

கல் கண்ணைத் திறந்தது!

அது ஒரு முதலை. மழை வெள்ளத்தோடு ஆற்றிலிருந்து வந்து சேர்ந்திருந்தது.

"கத்தாதே," என்றது முதலை மெதுவாக. "நாளைக்கு இங்கே கவியரங்கமாமே! ஏரியில் இருக்கிற குஞ்சு குட்டி எல்லாம் இந்தத் திட்டில் வந்து உட்காருமாமே! அரங்கம் முடிகிற நேரத்தில் திட்டுக்கு அடியில் ஒரே முட்டு. அதுவரை நான் கல்."

குமிழி காலை எடுத்துக்கொண்டு மேலே போகப் பார்த்தது.

"உன் அம்மாவின் கூடு எங்கே மிதக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் தம்பி தங்கைகளுக்கு இன்னும் நீந்த வராது, இல்லையா? இந்த ஏரியில் யார் பேசினாலும் எனக்குக் கேட்கும். வாயைத் திறந்தாயோ, முதலில் அங்கேதான் போவேன்!"

குமிழி மேலே வந்தது. வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றைய வகுப்பில் ஓர் இலையை எடுத்து எழுதியது. வாத்தியார் அதை வாங்கி உரக்கப் படித்தார்.

"அடியில் ஒரு கல் கிடக்கிறது.
கல்லுக்குக் கண் இருக்கிறது.
நான் மிதித்தேன்.
அது என்னைப் பார்த்தது."

"ஆகா!" என்றார் வாத்தியார். "பொருள் சொல்லுங்கள், பார்ப்போம்!"

"கல் என்றால் தனிமை ஐயா!" என்றது தாராக் குஞ்சு.

"கண் என்றால் நிலா ஐயா!" என்றது ஆமைக் குட்டி.

"பிரமாதம்! குதியா, நீ சொல்!"

குதியன் ஒரு தவளை. தலையைச் சொறிந்தது. "எனக்குப் புரியவில்லை ஐயா."

"உனக்கு என்றைக்குப் புரிந்தது? உட்கார்! குமிழியைப் பாருங்கள். எழுதிய உணர்ச்சியில் எப்படி நடுங்குகிறது!"

குமிழி படம் வரைந்தது. கல்லுக்கு வரிசையாகப் பற்கள் போட்டது. படத்துக்குச் சத்தம் கிடையாது. இதையாவது ஐயா புரிந்துகொள்வார் என்று நம்பியது.

"கல்லுக்குப் பல்லா? நல்ல கவிதையைக் கெடுக்கிறாயே!" என்று வாத்தியார் பற்கள் இருந்த இடத்தைக் கொத்திக் கிழித்துப் போட்டார்.

மாலையில் குமிழி நீந்தி வீட்டுக்குப் போகும்போது பக்கத்திலேயே ஒரு குரல் கேட்டது.

"கவிதையில் சொல்லிப் பார்த்தாயோ? நானும் ஒரு நிமிடம் பயந்துதான் போனேன். நன்றாக எழுது! உன் வாத்தியார் இருக்கிற வரை எனக்கு ஒரு கவலையும் இல்லை."

மறுநாள் திட்டு நிறைந்து வழிந்தது. நாரைக் குஞ்சுகள், நீர்க்கோழிக் குஞ்சுகள், நண்டுப் பிள்ளைகள். பாரத்தில் திட்டு தண்ணீரோடு தண்ணீராக அமிழ்ந்திருந்தது. எல்லோருடைய பாதமும் நனைந்தது.

வாத்தியார் குமிழியின் புதுக் கவிதையைப் படித்தார்.

"கல்லுக்குப் பசிக்கிறது.
கல் காத்திருக்கிறது.
நாம் சிரிக்கிறோம்.
கல் கேட்கிறது."

"பசி என்றால் அறிவுப் பசி!" என்றார் வாத்தியார்.

"ஐயா," என்று எழுந்தது குதியன். "அந்தக் கல் எங்கே இருக்கிறது?"

"எங்கேயும் இருக்காது! அது மனத்தில் இருக்கிற கல்!"

"அதை எழுதிய குமிழியைக் கேட்டீர்களா ஐயா?"

வாத்தியார் யாரையும் அப்படிக் கேட்டதே இல்லை. "சரி. குமிழி, வரைந்து காட்டு!" என்றார்.

குமிழி வேகமாக வரைந்தது. முதலில் திட்டு. திட்டின்மேல் பிள்ளைகள். நடுவில் நெற்றிப் பட்டையோடு ஒருவர். திட்டுக்குக் கீழே நீளமாக ஒன்று. அதற்குக் கண், பல், வால்.

வாத்தியார் வழக்கம்போல் அதற்குள் வேறு பொருள் தேடினார். வேறு பொருளே இல்லை. படத்தில் நின்றது அவர்தான். அவர் காலுக்கு நேர் கீழே இருந்தது முதலை.

கோரைக்கு நடுவே ஒரு நீர்க்குமிழி எழுந்து உடைந்தது.

வாத்தியாரின் இறகெல்லாம் சிலிர்த்தது. கத்துவதற்கு அலகைத் திறந்தார். குமிழி வேண்டாம் என்று தலையை ஆட்டியது. கத்தினால் எல்லோரும் அலறுவார்கள். அலறினால் முதலை முட்டும்.

வாத்தியார் உரக்கப் பேசத் தொடங்கினார்.

"கல் என்றால் பொறுமை, பிள்ளைகளே!"

பேசிக்கொண்டே படத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அலகின்மேல் இறக்கையை வைத்துச் சத்தம் கூடாது என்றார். பிறகு அதே இறக்கையால் மருத மரத்தைக் காட்டினார்.

பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மரத்தில் ஏறின. குமிழி தன் கூட்டின் பக்கம் அலகைக் காட்ட, குதியன் படத்தை வாயில் கவ்விக்கொண்டு குமிழியின் அம்மாவிடம் பாய்ந்தது. அம்மா படத்தை ஒரு முறைதான் பார்த்தாள். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, முதலை நுழைய முடியாத அடர்ந்த கோரைக்குள் மறைந்தாள்.

"பொறுமை என்றால் மலை! மலை என்றால்... மலை என்றால் மேகம்!" வாத்தியார் விடாமல் பேசினார்.

குமிழியால் நடக்க முடியவில்லை. ஆமைக் குட்டி அதை ஓட்டின்மேல் ஏற்றிக்கொண்டு கடைசியாக மரத்தில் ஊர்ந்தது. ஊர்ந்தது. இன்னும் பாதி வழி இருந்தது.

பாரம் குறைந்த திட்டு மெல்ல மேலே எழும்பியது.

"வாத்தியாரே!" கீழேயிருந்து குரல் வந்தது. "பிள்ளைகள் சத்தத்தைக் காணோமே?"

"கவிதையை... ரசிக்கிறார்கள்!" என்றார் வாத்தியார்.

"அப்படியா? ஒரு குஞ்சைப் பொருள் சொல்லச் சொல்லும், கேட்போம்."

வாத்தியார் மரத்தைப் பார்த்தார். ஆமைக் குட்டி இன்னும் கரை சேரவில்லை. தன் குரலைக் கீச்சாக்கிக்கொண்டு, "கல் என்றால் தனிமை ஐயா!" என்றார்.

திட்டுக்கு அடியில் தண்ணீர் கலங்கியது.

"தாராக் குஞ்சின் குரலை எனக்குத் தெரியும்!" என்று முதலை சீறியது.

திட்டு வெடித்துச் சிதறியது. வாத்தியார் தண்ணீரின்மேல் படபடவென்று ஓடி எழும்பினார். தாடை மூடியது. அவருடைய வால் இறகு முழுவதும் அதற்குள் போனது. ஒரு கால்விரலும் போனது. அவர் கரையில் விழுந்தபோது ஆமைக் குட்டி குமிழியோடு புல்லுக்குள் உருண்டது.

அதன்பிறகு ஏரியில் யாரும் ஆழத்தின் பக்கம் போகவில்லை. நாரைகள் மாறி மாறிக் காவல் நின்றன. பசி தாங்காமல் முதலை அடுத்த வெள்ளத்தில் ஆற்றுக்கே திரும்பிப் போனது.

வகுப்பு இப்போது கரையோரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கிறது. வாத்தியார் நொண்டியபடி வருவார். ஒரு கவிதையைப் படித்து முடித்ததும், எழுதிய பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருவார்.

"நீ என்ன பார்த்தாய், கண்ணு?" என்று கேட்பார். பதில் வரும்வரை வேறு யாரையும் பேச விடமாட்டார்.

ஒருவர் சொன்னதற்கு நம் விருப்பப்படி பொருள் தேடும் முன், அவர் என்ன சொல்ல வருகிறார் என்று முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.